போனில் வீடியோக்கள் அடைத்துக்கொண்ட இடத்தை மீட்பது எப்படி? வரிசை தப்பாமல் ஒரு முழுமையான வழிகாட்டி

"மெமரி ஃபுல்னே வருதுப்பா, என்னன்னு கொஞ்சம் பாரு" என்று சித்தி நீட்டிய 64 ஜிபி போனில் மீதி இருந்த இடம் 300 எம்பி. முந்தின நாள் ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நூறு வீடியோக்களை அவரே அழித்திருந்தார். ஒரு எம்பிகூடக் கூடவில்லை. அழித்ததெல்லாம் கேலரியின் குப்பைத்தொட்டியில் அப்படியே கிடந்தது. இருந்த கொஞ்சநஞ்ச இடத்திலும் விடிவதற்குள் வாட்ஸ்அப் கை வைத்துவிட்டது.

ஏறக்குறைய எல்லோரும் அழிப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசிப் பக்கம் வர வேண்டிய வேலை. இங்கே சொல்லியிருப்பது ஆண்ட்ராய்டு போனுக்கான வரிசை. ஐபோனில் எது மாறும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன். மெனு பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தேட வேண்டிய இடம் மாறாது.

1. உட்காரும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

போனில் முழு சார்ஜ் அல்லது பக்கத்தில் சார்ஜர். வைஃபை. வீடியோக்களை எடுத்து வைக்க ஓர் இடம்: லேப்டாப், ஹார்டு டிஸ்க், ஓடிஜி பென்டிரைவ் (போனிலேயே நேராகச் சொருகக்கூடியது), எதுவானாலும் சரி. அப்புறம், இரண்டு மணி நேரம். பஸ்ஸில் போகும்போது செய்துவிடலாம் என்று நினைத்தால் தப்பான வீடியோவை அழிப்பீர்கள்.

யூஎஸ்பி கேபிளை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், ஃபைல் போகாது. கேபிளை மாற்றினாலே தீர்ந்துவிடும் பிரச்சினைக்காக லேப்டாப்பை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கடையில் "8 ப்ளஸ் 128" என்று சொல்வதில் 8 என்பது ரேம், 128 என்பது ஸ்டோரேஜ். திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் மேலே தள்ளி மூடினால் ரேம்தான் காலியாகும். வீடியோ அடைத்த இடத்தில் ஒரு துளிகூடத் திரும்பாது.

2. இடம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்தால் வீடியோ, படம், ஆப் என்று பிரித்துக் காட்டும். அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இந்தப் படம் பாதிக் கதைதான் சொல்லும். யூடியூபில் ஆஃப்லைனுக்காக இறக்கியவை 'வீடியோ' கணக்கில் வராமல், அந்த ஆப்பின் கணக்கில் ஒளிந்திருக்கும். அதனால் அதே செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலையும் அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்த ஆப் 2 ஜிபிக்கு மேல் சாப்பிடுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'ஃபைல்ஸ்' ஆப்பில் வீடியோ பகுதிக்குப் போய்ப் பெரியது முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். சித்தியின் போனில் முதல் பத்து வீடியோக்களே 7 ஜிபி. அவர் முந்தின நாள் அழித்த நூறும் பத்துப் பதினைந்து விநாடி 'காலை வணக்கம்' வகை. எல்லாம் சேர்ந்தே 400 எம்பி தேறாது. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல் அளவைப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் அழிக்க வேண்டாம்.

3. முதலில் குழாயை மூடுங்கள்

தொட்டியைக் காலி செய்யும் முன் குழாயை மூட வேண்டும். அடுத்த படியில் வைஃபையில் நெடுநேரம் இருக்கப்போகிறீர்கள். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் சும்மா இருக்காது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மீடியா ஆட்டோ டவுன்லோடு. மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து 'வீடியோஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

பலர் மொபைல் டேட்டாவில் மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், நெட் காசு மிச்சம் என்று. நாம் கை வைக்காத வரை, வைஃபையில் இருக்கும்போது எல்லாவற்றையும் தானாக இறக்குவதுதான் வாட்ஸ்அப்பின் வழக்கம். வீட்டுக்கு வைஃபை போட்ட மூன்றாம் மாதம் போன் நிரம்புவதற்கு இதுதான் காரணம்.

படங்களுக்கான டிக்கை அப்படியே விட்டுவிடலாம். அதையும் எடுத்துவிட்டால், "ஒண்ணுமே தெரியல, எல்லாம் மங்கலா வருது" என்று பெரியவர்களிடமிருந்து போன் வரும். வீடியோ வேண்டுமென்றால் அதன் மேலிருக்கும் அம்புக்குறியைத் தொட வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறை அவர்கள் கையாலேயே செய்ய வைத்துக் காட்டுங்கள்.

'மீடியா விசிபிலிட்டி' என்று இன்னொரு செட்டிங் உண்டு. அதை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று நம்பாதீர்கள். வீடியோ போனில் இறங்கத்தான் செய்யும். கேலரியில் காட்டாது, அவ்வளவுதான். கண்ணில் படாத குப்பை இன்னும் மோசம்.

டெலிகிராமில் சினிமா, பாடம் என்று சேனல்கள் வைத்திருந்தால், அதன் டேட்டா அண்ட் ஸ்டோரேஜ் பகுதியிலும் தானாக இறக்குவதை நிறுத்துங்கள்.

4. நம் வீடியோக்களைப் பத்திரப்படுத்துங்கள்

இது முடியும்வரை அழிக்கும் பக்கமே போகக் கூடாது. அக்கா மகளின் காதுகுத்து வீடியோ இப்படித்தான் போனது. "எல்லாம் கிளவுடில் ஏறியிருக்கு" என்ற நம்பிக்கையில் அக்கா ஒரு சாயங்காலம் போனில் உள்ளதையெல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தாள். அழித்தது கிளவுடோடு, அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடத்தோடு, இணைந்த ஆப்பிலிருந்து. அங்கே அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்துத் தேடும்போது குப்பைத்தொட்டியும் காலி. மாமா மடியில் குழந்தை வீறிடுவதும், ஆசாரி கையை எடுத்ததும் பலூனைப் பார்த்துச் சிரிப்பதும் இனி யார் நினைவிலாவது இருந்தால்தான் உண்டு.

லேப்டாப்பில் எடுத்து வைப்பது: கேபிளைச் சொருகியதும் போனின் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் லேப்டாப்பில் போன் காலியாகத் தெரியும். உள்ளே டிசிஐஎம், அதற்குள் கேமரா என்ற ஃபோல்டர். நீங்கள் எடுத்த வீடியோக்கள் அங்கேதான் இருக்கும்.

காப்பி செய்யுங்கள், கட் வேண்டவே வேண்டாம். பாதி வழியில் கேபிள் அசைந்தாலும் காப்பியில் மூலம் பத்திரமாக இருக்கும். கட் செய்திருந்தால் எது போனது, எது வந்தது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும். மூவாயிரம் கோப்புகளை ஒரே மூச்சில் இழுக்காமல், மாதம் மாதமாகப் பிரித்து அனுப்புங்கள். மொத்தமாகப் போட்டால் நடுவில் தொங்கிவிடும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். அப்புறம் லேப்டாப்பில் முதல் வீடியோ, நடுவில் ஒன்று, கடைசி வீடியோ மூன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். கடைசி வீடியோ ஏனென்றால், காப்பி பாதியில் நின்றிருந்தால் உடைந்துபோயிருப்பது அதுதான். சத்தம் மட்டும் வந்து படம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். புதிய போன்கள் எச்இவிசி என்ற வகையில் பதிவு செய்கின்றன. பழைய பிளேயருக்கு அது புரியாது. விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டுப் பாருங்கள்.

பென்டிரைவில் எடுத்து வைப்பது: லேப்டாப் இல்லாதவர்களுக்கு டைப்-சி முனையுள்ள பென்டிரைவ் போதும். சொருகினால் ஃபைல்ஸ் ஆப்பில் தெரியும். ஒரே தடங்கல், பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. பென்டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தும் 'இடம் இல்லை' என்பதுபோல் ஏதாவது சொல்லும். எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் சரியாகும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், அதனால் முதலில் பென்டிரைவைக் காலி செய்துகொள்ளுங்கள்.

போனுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டுக்கு மாற்றினால் போனில் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அது பத்திரப்படுத்தியதாகாது. போன் தொலைந்தால் கார்டும் கூடவே போகும். என் கருத்து: திருமணம், குழந்தை போன்ற திரும்ப எடுக்க முடியாத வீடியோக்கள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஹார்டு டிஸ்க், இன்னொன்று எதுவானாலும்.

கிளவுடில் ஏற்றுவது: கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. 40 ஜிபி வீடியோ வைத்துக்கொண்டு பேக்கப்பை ஆன் செய்துவிட்டுத் தூங்கினால், காலையில் 15 ஜிபியும் நிரம்பி, ஜிமெயிலுக்கு மெயில் வருவதே நின்றுபோகலாம். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் கவனிக்கவும். கிளவுடுக்கு முக்கியமான வீடியோக்களை மட்டும் அனுப்புங்கள். மொத்தத்தையும் அனுப்புவதாக இருந்தால் கூடுதல் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்தில் ஏற்றினால் வீடியோ 1080பி (ஃபுல் எச்டி) தரம் வரை சுருங்கும். வீட்டில் பார்க்க அது தாராளம்.

கூகுள் போட்டோஸில் ஏற்றி முடித்த பிறகு போனில் இடம் பிடிக்க 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஏற்றி முடித்தவற்றை மட்டும் போனிலிருந்து எடுக்கும், கிளவுடில் விட்டு வைக்கும். சாதாரண டெலீட் பொத்தான் இரண்டிலும் எடுத்துவிடும்.

தங்களுக்குத் தாங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது சுருக்கப்பட்ட நகல். போனில் நன்றாகத் தெரியும், டிவியில் போட்டால் முகம் கட்டம் கட்டமாக உடையும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.

5. வாட்ஸ்அப்பில் அழிக்கத் தொடங்குங்கள்

கேமரா ஃபோல்டரை விட்டுவிட்டு இங்கே தொடங்கக் காரணம் உண்டு. நிறைய இடம் கிடைக்கும், வருந்த வேண்டியது குறைவு.

ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறங்கள். மேலே 'பலமுறை ஃபார்வர்டு ஆனவை', '5 எம்பிக்கு மேற்பட்டவை' என்று இரண்டு தொகுப்புகள் இருக்கும். கீழே எந்த அரட்டை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல்.

ஃபார்வர்டு தொகுப்பை முதலில் எடுங்கள். ஊரெல்லாம் சுற்றி வந்த வீடியோக்கள். நம் வீட்டு ஆள் அதில் இருப்பது அபூர்வம். மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தமாக அழிக்கலாம்.

5 எம்பி தொகுப்பில் அந்த வேகம் கூடாது. பெரியது முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் பாருங்கள். துபாயிலிருந்து மகன் அனுப்பிய பேரனின் முதல் நடை வீடியோவும் இந்தக் கூட்டத்தில்தான் நிற்கும். 'செலக்ட் ஆல்' அழுத்திவிட்டு அழுதவர்கள் நிறைய. வேண்டியதை முதலில் கேலரியில் 'குடும்பம்' என்று ஓர் ஆல்பம் உண்டாக்கி அதற்குக் காப்பி செய்து வையுங்கள், பிறகு இங்கே அழியுங்கள். பழைய வீடியோவை அழித்துவிட்டால் மறுபடி இறக்க முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அனுப்பியவரிடமே கேட்க வேண்டியிருக்கும்.

நாமே எடுத்து அனுப்பியவற்றில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரே வீடியோ இரண்டு இடத்தில் இருக்கும்: மூலம் கேமரா ஃபோல்டரில், சுருங்கிய நகல் வாட்ஸ்அப்பின் 'சென்ட்' ஃபோல்டரில். "ரெண்டு தடவை இருக்கே" என்று ஒன்றை அழிப்பவர்கள், பெரிதாக இருக்கிறதே என்று மூலத்தை அழித்துவிடுகிறார்கள். வீடியோவின் விவரத்தைத் திறந்து பாருங்கள். கோப்புப் பெயரில் தேதிக்குப் பின்னால் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் வந்தால் அது வாட்ஸ்அப் நகல். போக வேண்டியது அதுதான். அளவிலும் தெரியும்: மூலம் 180 எம்பி இருந்தால் நகல் பதினைந்து இருபதுதான் இருக்கும்.

அரட்டைக்குள் போய் ஒவ்வொரு வீடியோவாக அழிப்பவர்கள், உறுதி கேட்கும் பெட்டியில் 'போனிலிருந்தும் கோப்பை அழிக்கவா' என்ற டிக்கைக் கவனிக்க வேண்டும். டிக் இல்லாமல் அழித்தால் அரட்டையிலிருந்து மறையும், போனில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு பொத்தானைத் தொடவே கூடாது. செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப் என்று போனால் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு வரும். கேஷ் என்பது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பது, அது போனால் நஷ்டமில்லை. டேட்டாவை அழித்தால் வாட்ஸ்அப் புதிதாக நம்பர் கேட்கும். கடைசி பேக்கப்புக்குப் பிந்தைய அரட்டைகள் போய்விடும்.

6. டெலிகிராம், யூடியூப் வகையறா

டெலிகிராமில் தயங்கவே வேண்டாம். ஸ்டோரேஜ் யூசேஜ் பகுதியில் கேஷை அழித்தாலும், சேனல் இருக்கும்வரை வேண்டியதை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். 'கீப் மீடியா' என்பதை ஒரு வாரம் என்று வைத்துவிட்டால் அதுவே துடைத்துக்கொள்ளும்.

யூடியூபில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய்ப் பார்த்து முடித்ததை எடுங்கள். ஓடிடி ஆப்களிலும் அப்படியே. இவை கேலரியில் தெரியாதவை என்பதால் மறந்தே போயிருப்போம்.

வீடியோ எடிட்டிங் ஆப் வைத்திருப்பவர்கள் பழைய டிராஃப்டுகளைத் திறந்து பாருங்கள். முடித்து எக்ஸ்போர்ட் செய்த வீடியோவும் டிராஃப்டும் தனித்தனியாக இடம் பிடிக்கும்.

7. கேமரா ஃபோல்டர்

நான்காம் படியை முடிக்காதவர்கள் இங்கே வரக் கூடாது.

பெரிய வீடியோவிலிருந்து கீழே வாருங்கள். தவறுதலாக ஓடிக்கொண்டே இருந்தவை (பாக்கெட்டின் இருட்டை ஒன்பது நிமிடம் படம்பிடித்த ஒன்றைப் பார்த்தேன்), ஒரே நடனத்தை நான்கு தடவை எடுத்தவை, ஸ்கிரீன் ரெக்கார்டிங்குகள். இவற்றை எடுத்தாலே பாதி வேலை முடியும்.

நீளமான வீடியோவில் இரண்டு நிமிடம் மட்டும் வேண்டுமென்றால் டிரிம் செய்யலாம். பல கேலரிகள் வெட்டியதைப் புதிய நகலாகச் சேமிக்கும். மூலம் அப்படியே இருக்கும். மூலத்தையும் அழிக்காவிட்டால் இடம் கூடுதலாகத்தான் போகும். டிரிம் செய்ய எழுதும் இடமும் வேண்டும் என்பதால்தான் வாட்ஸ்அப்பை முதலில் முடிக்கச் சொன்னேன். 300 எம்பி மிச்சத்தில் 2 ஜிபி வீடியோவை வெட்டச் சொன்னால் போன் திணறும்.

8. குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள்

சித்தி விட்டது இந்தப் படியைத்தான். கேலரியில் அழித்தது பெரும்பாலான போன்களில் 30 நாள் தொட்டியில் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள். அத்தனை நாளும் கேலரித் தொட்டி போனில் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

தொட்டி ஒன்றல்ல. கேலரிக்கு ஒன்று, ஃபைல்ஸ் ஆப்புக்கு ஒன்று, கூகுள் போட்டோஸுக்கு ஒன்று. மூன்றையும் திறந்து ஒரு முறை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். தவறிப்போன வீடியோ கண்ணில் பட இதுவே கடைசி வாய்ப்பு. அவசரமில்லை என்றால் ஒரு நாள் கழித்துக் காலி செய்வது நல்லது.

9. கேமரா செட்டிங்கை மாற்றுங்கள்

ஒரு நிமிட வீடியோ எவ்வளவு பிடிக்கும் என்பதை ஐபோனின் கேமரா செட்டிங்கிலேயே போட்டிருக்கிறார்கள். சிக்கன முறையில் 1080பி என்றால் சுமார் 60 எம்பி, 4கே என்றால் 170, விநாடிக்கு 60 ஃபிரேமில் 4கே என்றால் 400. ஆண்ட்ராய்டில் எண் கொஞ்சம் மாறினாலும் விகிதம் ஏறத்தாழ இப்படித்தான். ஆண்டு விழாவில் பிள்ளையின் பத்து நிமிட நாடகம் ஒன்றில் 600 எம்பி, இன்னொன்றில் 4 ஜிபி.

1080பி, விநாடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்துவிடுங்கள். வீட்டுக்கு இது போதும். 'ஹை எஃபிஷியன்சி வீடியோ' என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். விசேஷத்துக்கு 4கே வைப்பவர்கள் மறுநாள் திருப்பி மாற்ற மறந்துவிடுவார்கள். நானும்தான்.

10. ஐபோனில் மாறுவது

செட்டிங்ஸில் ஜெனரல், அதில் ஐபோன் ஸ்டோரேஜ். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருந்தால் போனில் அழிப்பது கிளவுடிலும் அழியும், அக்காவுக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். இடம் வேண்டுமென்றால் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' போடுங்கள்; மூலம் கிளவுடில் இருக்கும், போனில் சிறிய நகல் இருக்கும். இலவச ஐகிளவுட் 5 ஜிபிதான் என்பதால் கம்ப்யூட்டருக்கு எடுப்பதைத் தவிர்க்க முடியாது. அழித்தவை 'ரீசன்ட்லி டெலீட்டட்' ஆல்பத்தில் 30 நாள் கிடக்கும்.

11. எல்லாம் செய்தும் கணக்கு இடித்தால்

போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இரண்டாம் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். இன்னும் விளங்காத ஜிபிகள் இருந்தால் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் இப்போது கோப்புகளை வைப்பது 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா' என்பதற்குள். முன்பு வெளியிலேயே 'வாட்ஸ்அப்' என்று தனி ஃபோல்டர் இருந்தது. நாள்பட்ட போன்களில் அது அப்படியே விட்டுப்போயிருக்கலாம். திறந்து பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு அழியுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு அதன் கணக்கு தனி. ஐந்தாம் படி முழுவதையும் அதிலும் ஒரு முறை செய்ய வேண்டும், மூன்றாம் படியின் ஆட்டோ டவுன்லோடு மாற்றம் உட்பட.

மூன்றாவது, இரண்டாவது நம்பருக்காகப் போட்ட 'டூயல் ஆப்' வாட்ஸ்அப். அதன் வீடியோக்கள் வேறோர் இடத்தில் சேரும். சித்தியின் போனில் கடைசி 4 ஜிபி அங்கேதான் கிடைத்தது. இரண்டு வருடமாகத் திறக்காத நம்பர் அது. சுயஉதவிக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மட்டும் அது பாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.